உள்ளுறுப்பைக் காட்டும் கணிதம்



சமயமும் இலக்கியமும் பேசப்படும் இம்மேடையில் விஞ்ஞானப் பொருளொன்றை எடுத்துரைக்குமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். வைத்தியசாலைகளில் எம்.ஆர்.ஐ. என்று வழங்கும் காந்தப் பரிவுப் படம் எவ்வாறு உருவாகிறது, அஃது எவ்வாறு துப்புரவு செய்யப்படுகிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். "இது வைத்தியர்களுடைய காரியம், வயலையும் வாவியையும் நம்பி வாழும் எங்களுக்கு இதனாற் பயன் என்ன?" என்று கேட்பார் இருக்கலாம். பயன் உண்டு. தலையிடியோ நாரிப்பிடிப்போ நீடித்தால் "ஸ்கான் எடுங்கள்" என்று வைத்தியர் எழுதிக்கொடுக்கும் காலம் இது. அந்தத் துண்டைக் கையில் வாங்கியவுடன் நம்மவர் சிலர் அஞ்சுகின்றனர். சிலர் அளவுக்கு மீறி நம்புகின்றனர். அஞ்சுபவர், "அந்தக் குழாய்க்குள்ளே என்ன கதிர் பாய்கிறதோ" என்கின்றனர். நம்புபவர், "படத்திலேயே கண்டாயிற்று, இனிப் பேச்செதற்கு?" என்கின்றனர்.

அச்சத்துக்கு மறுமொழி சுருக்கமானது. இவ்வியந்திரத்தில் எக்ஸ்-றே கதிர் இல்லை. காந்தமும் றேடியோ அலையுமே உண்டு. மிகை நம்பிக்கைக்கு மறுமொழி சொல்லவே இன்றைய பேச்சு முழுவதும் வேண்டும். அதன் சாரம் இதுதான்: எம்.ஆர்.ஐ. படம் புகைப்படம்போலப் பிடிக்கப்படுவதன்று, கணக்கிட்டு ஆக்கப்படுவது. கணக்கில் எதைக் கூட்டினோம், எதைக் கழித்தோம் என்பதைப் பொறுத்து, நோயாளியின் உடலில் உள்ளது படத்திலே காணாமற் போகவும் கூடும். இல்லாதது தோன்றவும் கூடும்.

இதை விளக்க நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. நமது வாவிக்கே போவோம். நிலவுக் காலத்து அமைதியான இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்டால் நீருக்குள்ளிருந்து இசை எழும் என்பது நம்மூர்ச் செய்தி. இலங்கை அரசாங்கச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற் 1848ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்து அதைக் கேட்டார்; 1859இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதியும் வைத்தார். பாடுவது மீனா ஊரியா என்ற வழக்கை ஒருபுறம் வைப்போம். அவர் குறித்த ஒரு செய்தியே நமக்கு வேண்டும். அது நீண்டொலிக்கும் ஒற்றைச் சுரமன்று. மேலும் கீழுமான எண்ணிறந்த சிற்றொலிகள் ஒன்றுகூடிய ஒலி என்றார் அவர். துடுப்பின் வழியே காதுக்கு வருவது ஒரே கலவை. அக்கலவையைப் பிரித்து ஒவ்வொரு சிற்றொலியையும் தனித்தனியே எடுக்க முடியுமா? முடியும் என்பதே கணிதத்தின் விடை. 1822இல் வெப்பத்தைப் பற்றி நூல் வெளியிட்ட பிரான்சு நாட்டுப் பூரியே என்பவர் அதற்கு வழி வகுத்தார். எத்தகைய சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பது அவர் காட்டிய நெறி.

இனி உடலுக்கு வருவோம். நமது உடலின் நிறையில் ஏறக்குறைய 60 சதவீதம் நீர். நீரில் ஐதரசன் உண்டு. அதன் கரு நுண்ணிய காந்தம் போன்றது. வலிய காந்தப் புலத்தில் வைத்தால் அக்கரு பம்பரம்போலத் தலைசுற்றும். ஒரு செக்கனில் எத்தனை சுற்று என்னும் மீடிறன் காந்தத்தின் வலிமையைப் பொறுத்தது. வைத்தியசாலைகளிற் பெரிதும் வழங்கும் 1.5 தெஸ்லா இயந்திரத்தில் அது செக்கனுக்கு ஏறக்குறைய 6 கோடியே 40 இலட்சம். அந்தக் காந்தம் நாம் நிற்கும் பூமியின் காந்தத்தினும் முப்பதினாயிரம் மடங்குக்கு மேல் வலியது. அதே மீடிறனில் றேடியோ அலையை அனுப்பினால் கருக்கள் அதனை ஏற்று அதிர்ந்து, பின் தாமும் மெல்லிய றேடியோ ஒலிபரப்புச் செய்யும். ஒரு யாழின் நரம்பை மீட்ட, அதே சுருதியிற் கூட்டிய மற்றொரு நரம்பு தானே அதிர்வது போன்றது இது. இதனையே நமது பாடநூல்கள் பரிவு என்கின்றன. நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டவர் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவர் பிறந்த மண்ணில் சுருதிக் கணக்கு அந்நியமான பொருளாகாது.

ஆனால் எல்லாக் கருக்களும் ஒரே சுருதியில் ஒலித்தால் எவ்வொலி எங்கிருந்து வந்தது என்று எப்படி அறிவது? இங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு தெற்கே கல்முனைப் பக்கம்வரை செல்லும் நமது வாவியில் ஒரு கட்டளை பிறந்ததாகக் கற்பனை செய்வோம்: வடக்கே உள்ளவை கீழ்ச்சுருதியிலும், தெற்கே போகப்போக மேற்சுருதியிலும் பாடுதல் வேண்டும். அப்போது துடுப்போடு ஒரே இடத்தில் இருப்பவர் கலவையைச் சுருதி சுருதியாகப் பிரித்தால், எந்தச் சுருதி எவ்வளவு வலிதாக ஒலிக்கிறது என்பதிலிருந்து எவ்விடத்தில் எத்தனை உயிர் உண்டு என்று சொல்லிவிடலாம் அன்றோ? இயந்திரமும் அதையே செய்கிறது. காந்தப் புலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது சிறிதாகக் கூட்டிவைத்தால் இடத்துக்கு இடம் மீடிறன் மாறும். இடம் சுருதியாகிவிடுகிறது.

ஒரு குறை மட்டும் எஞ்சும். கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே ஒரே கோட்டில் உள்ளவையெல்லாம் ஒரே சுருதியிற் பாடுமாதலால், அக்கோட்டின் மொத்தமே தெரியும். கோட்டுக்குள் எது எங்கே என்பது தெரியாது. நமக்குக் கிடைப்பது ஒரு பக்கத்து நிழல். ஆதலால் திசையை மாற்றி மாற்றிப் பல நிழல்களை எடுக்கவேண்டும். அமெரிக்காவில் பால் லோட்டர்பர் என்பவர் செய்தது இதுவே. கனநீர் நிரம்பிய சிறு குழாய்க்குள் சாதாரண நீர் நிறைந்த இரண்டு மெல்லிய குழாய்களை வைத்து, நான்கு திசைகளில் நிழல் எடுத்து, அவ்விரண்டு நீர்த்துளைகளின் படத்தை ஆக்கி 1973இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரத்துப் பீற்றர் மான்ஸ்பீல்டும் இத்துறையை வளர்த்தார். இருவருக்கும் 2003இல் வைத்தியத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

நிழல்களிலிருந்து உருவை மீட்பது எங்ஙனம்? அது முடியும் என்று ஒஸ்திரிய நாட்டுக் கணித அறிஞர் யோகான் றாடொன் 1917இலேயே நிறுவினார். எளிய வழி ஒன்று யாருக்கும் தோன்றும்: ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திருப்பித் தாளின்மீது பூசிவிடுதல். எல்லாத் திசைப் பூச்சும் சேரும் இடத்தில் உருவம் கறுத்துத் தோன்றும். ஆனால் பூச்சு வேண்டாத இடங்களிலும் படியுமாதலால் உருவத்தைச் சுற்றி ஒரு புகைமூட்டம் நிற்கும். விளிம்பெல்லாம் கரைந்துவிடும்.

அப்புகையை அகற்றும் வழியைச் செம்மையாக வகுத்தவருள் நம் நாட்டுக்கு அண்மையிலே வாழ்ந்த இருவர் உளர் என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஜி. என். இராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்திற் பிறந்து, 1952 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பௌதிகத் துறைக்குத் தலைவராயிருந்து, பின் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குச் சென்றவர். மற்றவர் ஏ. வி. இலட்சுமிநாராயணன். இருவரும் 1971இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எக்ஸ்-றே படங்களையும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களையும் கருதி எழுதப்பட்டதாயினும், நிழலின் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே.

அவர்கள் சொன்ன வழியை அங்காடிக் கணக்குப்போலவே சொல்லிவிடலாம். நிழலைப் பூசுமுன் அதன் ஒவ்வொரு புள்ளியையும் திருத்துக. நடுப்புள்ளியின் பெறுமானத்தை 1 பங்கு எடுத்துக்கொள்க. இருபுறத்தும் அடுத்துள்ள புள்ளிகளின் பெறுமானத்தில் 0.405 பங்கைக் கழிக்க. இரண்டாம் புள்ளிகளை விட்டுவிடுக. மூன்றாம் புள்ளிகளில் 0.045 பங்கையும், ஐந்தாம் புள்ளிகளில் 0.016 பங்கையும் கழிக்க. இப்படியே ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டும் கழிவு குறைந்துகொண்டே செல்லும். முடிவின்றிச் சென்றால், இருபுறத்துக் கழிவுகளும் கூடி மிகச் சரியாக 1 ஆகும். கொடுத்ததும் எடுத்ததும் சமன். இவ்வாறு திருத்திய நிழல்களைப் பூசினால், ஒன்றின் மிகையை மற்றொன்றின் குறை அழித்துப் புகைமூட்டம் விலகும், உருவம் தெளியும். பூரியே வழியிற் சுற்றிச் சென்று செய்யவேண்டிய நீண்ட கணக்கை இது குறுக்கியது. அக்காலத்துக் கொம்பியூட்டர்களுக்கு அது பேருபகாரம். உலகெங்கும் இத்துறையார் அவ்விருவர் பெயரையும் சுருக்கி 'ராம்-லக்' வடி என்று இதனை வழங்குகின்றனர்.

ஆயினும் வடிக்கு விலை உண்டு. அண்டைப் புள்ளியிலிருந்து வேறுபடுவதையெல்லாம் அது கூர்மையாக்கும். உண்மையான விளிம்பும் அண்டையிலிருந்து வேறுபடுவது. கருவியின் இரைச்சலும் அவ்வாறே வேறுபடுவது. எது விளிம்பு, எது இரைச்சல் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஆதலால் இரண்டும் கூர்மையாகும். படத்தில் மணல் தூவினாற்போலத் தோன்றும். இதைத் தணிக்கவே 1974இல் ஷெப், லோகன் என்னும் இருவர் சிறிது மென்மையான வடியைத் தந்தனர். மென்மையாக்கினால் மணல் குறையும். விளிம்பும் சற்று மழுங்கும். வலை வீசுவோருக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. கண் பெரிதான வலையிற் குப்பை தங்காது, இறாலும் தங்காது. கண் சிறிதான வலையில் இறாலும் சேரும், குப்பையும் சேரும். குப்பையை விட்டு இறாலை மட்டும் கொண்டுவரும் வலையை எவரும் இன்னும் பின்னவில்லை.

எம்.ஆர்.ஐ. துறையில் இன்று பெரிதும் வழங்குவது நிழல் வழியன்று. அதற்கடுத்து வந்த பூரியே வழியே பெருவழக்கு. அதனை 1975இல் சுவிற்சலாந்தின் சூரிச் நகரிலிருந்து வெளியிட்டவர் மூவர்: அனில் குமார், டீற்றர் வெல்ற்றி, ரிச்சாட் ஏர்ன்ஸ்ற். முதலாமவர் இந்தியர், பின்னர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திற் பணியாற்றியவர். ஏர்ன்ஸ்ற் 1991இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு பெற்றார். 1980இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தார் இவ்வழியைச் செப்பனிட்டு மனித உடலுக்கு ஏற்றதாக்கினர்.

இவ்வழியில் இயந்திரம் படத்தை அளப்பதில்லை. படத்தை ஆக்கும் அலைகளை அளக்கிறது. வாவியின் நீர்ப்பரப்பை நோக்குக. நீண்டு புரளும் பேரலை உண்டு. அதன்மேற் காற்றுக் கிளப்பும் சிற்றலையும் உண்டு. ஒரு படமும் அத்தகையதே. தலை எங்கே, மூளை எங்கே, எது வெளிறியது, எது கறுத்தது என்பவற்றைப் பேரலைகள் சொல்லும். விளிம்பையும் சிறு புள்ளியையும் நுண்ணிய நரம்பையும் சிற்றலைகள் சொல்லும். இயந்திரம் ஒவ்வோர் அலையின் அளவையும் வரிவரியாகக் குறித்துக்கொள்ளும். வரிகள் நிரம்பியபின் கொம்பியூட்டர் அவற்றைக் கூட்டிப் படமாக்கும்.

சிற்றலைக்கு முடிவில்லை, நோயாளியின் பொறுமைக்கு முடிவுண்டு. 128 வரியோ 256 வரியோ அளந்து ஓரிடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். அங்ஙனம் நிறுத்தும்போது ஒரு விபரீதம் நேர்கிறது. சடுதியாக வெண்மை கருமையாக மாறும் விளிம்புக்கு அருகே, உடலில் இல்லாத கோடுகள் படத்தில் வரிசையாகத் தோன்றும். கணிதத்தில் இதை 1848இல் வில்பிரகாமும் 1899இல் கிப்சும் கண்டெழுதினர். விளிம்பில் எவ்வளவு வேறுபாடோ அதில் ஏறக்குறைய 9 சதவீதம் மிகையாகத் துள்ளும். வரிகளைக் கூட்டினால் கோடுகள் ஒடுங்கி விளிம்போடு நெருங்குமேயன்றி, அத்துள்ளல் அடங்காது.

இது ஏட்டுக் கணக்கன்று. முள்ளந்தண்டுக்குள்ளே முண்ணாண் செல்கிறது. அதைச் சூழ்ந்து நீர் நிற்கிறது. நீருக்கும் முண்ணாணுக்கும் இடைப்பட்ட விளிம்புகளிலிருந்து எழும் பொய்க்கோடுகள் முண்ணாணின் நடுவே சந்தித்தால், அங்கே நீர்க்குழி ஒன்று விழுந்திருப்பது போலத் தோன்றும். அப்படியொரு நோய் உண்மையாகவே உண்டு. சத்திர சிகிச்சை வரைக்கும் கொண்டுசெல்லும் நோய் அது. இந்தப் பொய்த்தோற்றத்தைப் பற்றி 1988இல் 'ரேடியோலொஜி' சஞ்சிகையில் ஆராய்ச்சி வெளிவந்தது. பரிகாரம் என்ன? அதிக வரி அளக்கலாம், நேரம் இரட்டிக்கும். அளக்கும் திசையை மாற்றலாம். அல்லது கடைசிச் சிற்றலைகளைப் படிப்படியாக மெலியச் செய்யும் வடியைப் போடலாம். கோடுகள் அடங்கும், அதனோடு உண்மையான நுண்மையும் சிறிது அடங்கும். மறுபடியும் வலைக்கண் கதைதான்! எதை இழப்பது என்று ஒருவர் தீர்மானித்தே ஆகவேண்டும்.

இரைச்சலைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று உண்டு: திரும்பத் திரும்ப அளந்து சராசரி எடுத்தல். ஆனால் தெளிவை இருமடங்காக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். அத்தனை நேரமும் நோயாளி அசையாது கிடப்பாரா? சிற்றலையை அளக்கும்போது அவர் அசைந்தால், அந்த அசைவும் கணக்கிற் புகுந்து, ஓர் உறுப்பின் சாயல் வேறிடத்திற் பேய்த்தோற்றமாய் விழும். கணிதம் எவ்வளவு உயர்ந்ததாயினும் அளவு பிழைத்தால் விடை பிழைக்கும்.

நேரத்தைக் குறைக்க அறிஞர் பலர் முயன்றுள்ளனர். பல வாங்கிச் சுருள்களை உடலைச் சுற்றி வைத்து, ஒவ்வொன்றும் கேட்பதை ஒப்பிட்டு, அளக்காத வரிகளை ஈடுசெய்யும் முறையை 1999இற் புருஸ்மன் குழுவினர் வெளியிட்டனர். படத்தின் பெரும்பகுதி எளிய அமைப்பினது என்ற உண்மையைப் பயன்படுத்திச் சில வரிகளை மட்டும் அளந்து மீட்கும் முறையை 2007இல் லஸ்டிக், டொனோகோ, போலி ஆகியோர் வெளியிட்டனர். இன்று, பல்லாயிரம் படங்களைக் கண்டு பழகிய செயற்கை நுண்ணறிவு குறைந்த அளவீட்டிலிருந்தே அழகிய படத்தைத் தருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் 2020இல் அந்துன் முதலியோர் இத்தகைய பல முறைகளைச் சோதித்து ஓர் எச்சரிக்கை விடுத்தனர். அளவீட்டில் மிகச் சிறு மாற்றம் நேர்ந்தாலே சில முறைகள் இல்லாத தோற்றங்களை உண்டாக்கின. சில, புதிதாக இடப்பட்ட சிறிய அடையாளத்தைக் காட்டாது மழுப்பின. இராமச்சந்திரன் கட்டுரை வெளிவந்த அதே ஏட்டிலேயே இவ்வெச்சரிக்கையும் வெளிவந்தது. பழைய வடி விளிம்பை மழுக்கும்போது படமும் மங்கும். மங்கியதைக் கண்டு வைத்தியர் ஐயுறுவார். புதிய முறை பிழைத்தாலோ படம் அழகாகவே இருக்கும். அழகான பொய்யை ஐயுறுவது கடினம். நாம் கவலைகொள்ள வேண்டிய இடம் இது.

இவற்றையெல்லாம் சொன்னது எம்.ஆர்.ஐ.யை நம்பாதீர் என்பதற்காகவா? ஒருபோதும் இல்லை. கத்தி வைக்காமல் மூளையையும் முண்ணாணையும் மூட்டையும் இத்துணை நுட்பமாகக் காட்டும் கருவி அரிது. அறிந்து நம்புக என்பதே எமது வேண்டுகோள். அதிலிருந்து நாம் செய்யவேண்டியவை மூன்று.

முதலாவது, இயந்திரத்துட் செல்பவர் செய்யவேண்டியது. அசையாது கிடத்தல் பணிவுக்காக அன்று. படத்தின் ஒரு பாதி அவர் கையிலேயே இருக்கிறது. உடலில் உலோகம் எதுவும் இருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும். இருதயத்தில் வைத்த மின்கருவி, எலும்பில் வைத்த தகடு ஆகியவற்றோடு, 2009இல் முடிந்த போர்க் காலத்தின் உலோகச் சிதறலும் நம் பகுதியிற் சிலருடைய உடலில் இன்னும் உண்டு. "பழைய காயந்தானே" என்று மறைத்தலாகாது. காந்தம் அதை அசைத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அசையாவிடினும், அது சுற்றிலும் உள்ள காந்தப் புலத்தை மாற்றிவிடும். இடத்தைச் சுருதியாக்கிய கணக்கு அங்கே குழம்பிப் படம் வளைந்தும் வெறுமையாகியும் போகும்.

இரண்டாவது, வீட்டார் செய்யவேண்டியது. பிலிமை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்து நாமே தீர்ப்புச் சொல்லலாகாது. முன்பு எடுத்த படங்களையும் கொண்டுசென்று வைத்தியரிடம் கொடுக்க வேண்டும். நோவு எங்கே, எப்போது தொடங்கிற்று, எந்தக் கால் மரத்தது என்பதையெல்லாம் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். படமும் நோயாளியின் சொல்லும் வைத்தியரின் கைப்பரிசோதனையும் ஒன்றையொன்று திருத்தும். மூன்றும் ஒத்தால் உறுதி. ஒவ்வாவிடில் மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது பொருள். "திரும்ப எடுக்க வேண்டும்" என்று வைத்தியர் சொன்னால் அது காசு பிடுங்கும் வழி என்று உடனே எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது ஐயத்தைத் தீர்க்கும் நேர்மை.

மூன்றாவது, இளைஞர்களுக்கு உரியது. "கணிதம் படித்து என்ன கண்டோம்?" என்று சோர்வோடு சொல்லும் பிள்ளைகள் உளர். சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றிய ஒருவரின் கழித்தற் கணக்கு உலகமெங்கும் நோயாளரின் படத்தைத் தெளிவித்தது. அவரிடம் கோடிக்கணக்கான பெறுமதியுள்ள ஸ்கான் இயந்திரம் இருக்கவில்லை. நுண்ணிய சிந்தனையும் தாளும் இருந்தன. அழகான பொய்யைக் கண்டுபிடிக்கும் கணக்கு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. அதை எழுதுவோருள் வாவிக்கரையிற் பிறந்த ஒருவர் இருத்தல் கூடாதென்று எந்த விதியும் இல்லை. பாடசாலையில் மீடிறன் பாடம் வரும்போது, பரீட்சைக்கு வரும் வினா என்று மட்டும் எண்ணாதீர்கள். ஒரு தாயின் முண்ணாணில் இருப்பது நோயா, கணக்கின் நிழலா என்று தீர்மானிப்பதும் அந்தப் பாடமே என்று எண்ணிப் படியுங்கள்.